மதகுக்காரி

மார்ச் 3

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

நான் நலம். ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் படகுகளை ஏற்றி இறக்கும் உன் மதகை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். படகே போவதில்லை என்று அறிக்கை. கால்வாயைத் தூர்த்துச் சாலை போடுவார்களாம். சாவியைக் கொடுத்துவிட்டு இங்கே, கடல் முனைக்கு, வந்துவிடு. என் அலுவலகத்திலேயே உனக்கு வேலை பேசியிருக்கிறேன். ஆறு வருடமாக ஆளுக்கொரு முனையில் கிடந்தது போதும்.

உன் கணவன்

மார்ச் 8

கால்வாய் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு,

போதும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. மறைப்பானேன்? ஆனால் படகே போவதில்லை என்று எந்தப் புண்ணியவான் எழுதினான்? நேற்று மட்டும் ஒன்பது படகு. செங்கல், தானியம், ஏரித் தீவிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண். "அக்கா, சீக்கிரம் திறங்க!" என்று அவள் புருஷன் கத்துகிறான். மதகுத் தொட்டியில் தண்ணீர் ஆற்று மட்டத்துக்கு இறங்காமல் கதவு அசையாது. பன்னிரண்டு நிமிடம் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண் குழந்தை. அவர்களுக்கு வேறு வழி ஏது? அறிக்கை எழுதிய ஆளின் பெயரைச் சொல்லுங்கள், நானே கேட்கிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 14

அன்புள்ள உனக்கு,

எழுதியது நான்தான். யாரும் சொல்லி எழுதவில்லை. கூப்பிட்டேன், கெஞ்சினேன், நீ வரவில்லை. மதகு போனாலாவது வருவாய் என்று நினைத்தேன். இருபத்தெட்டாம் தேதி மண் லாரி வருகிறது. எனக்காக ஒதுங்கிக்கொள்.

உன் கணவன்

ஏப்ரல் 2

ஐயா,

லாரி வந்தது. அதற்கு முன்பே பதினேழு படகுகள் வந்து கால்வாயை அடைத்து நின்றன. படகுக்காரர்கள் அடுப்பு மூட்டி அங்கேயே சமைத்தார்கள். மூன்றாம் நாள் பெரிய அதிகாரி வந்தார். ஆறு வருடப் படகுப் பதிவேட்டையும் அவர் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எழுதின அறிக்கைம்மா இது. யோசிச்சுப் பேசுங்க" என்றார்.

"யோசிச்சுட்டேன் சார். பொய்னு எழுதித் தரேன், பேனா குடுங்க" என்றேன்.

பேனாவை வாங்கினேன். எழுதிக் கொடுத்தேன். லாரிகள் திரும்பிவிட்டன. மதகு திறந்திருக்கிறது. உங்கள்மேல் விசாரணை வரும். அதற்கு நான் வருத்தப்படுகிறேன், மன்னிப்புக் கேட்கவில்லை.

என்னோடு இருக்க ஆசைப்பட்டிருந்தால் நீங்கள் மாற்றல் கேட்டிருக்கலாம். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இந்த வழியாகப் போக வேண்டி வந்தால் தாராளமாகப் படகில் வாருங்கள். யாரையும் நான் நிறுத்தியதில்லை, தண்ணீர் ஏறியதும் கதவைத் திறந்துவிடுவேன். கரையில் மட்டும் இறங்க வேண்டாம்.

மதகுக்காரி