கட்டத்துக்கு அடியில் இருநூற்றுப் பதினெட்டு பேர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே நலம். நீயும் அண்ணியும் நலமென்று நானே நினைத்துக்கொள்கிறேன், நீதான் பதில் போடுவதில்லையே.

ஆம்புலன்ஸ் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். இங்கே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரைமணி நடை. நர்ஸ் என்று நான் ஒருத்திதான். பிரசவ வலி வந்தால் டிராக்டரில் ஏற்றி அனுப்புகிறேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. ஆம்புலன்ஸ் யாருக்கு, காக்காய்க்கா?"

எழுந்துபோய்ப் பார்த்தேன். சாலைக்கு எந்தக் கோடு, ஆற்றுக்கு எந்த நிறம் என்று விளக்கம் சொல்லும் கட்டம் இருக்கிறதே, அது எங்கள் பகுதிமேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. உன் ஆபீஸ் வரைந்த படம்தானே? அந்த அறிவாளி யாரென்று விசாரித்து, என் சார்பில் நாலு வார்த்தை கேள்.

வாயாடி

மார்ச் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

விசாரிக்க வேண்டியதில்லை. அந்த அறிவாளி நான்தான்.

கட்டத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஐம்பது வீட்டுக்குக் குறைந்த ஊரைக் குறிப்பதில்லை என்பது எங்கள் விதி, அதனால் அங்கே வெள்ளையாகக் கிடந்தது. இருபது வருடத்துக்கு முன் என் முதல் வேலை அது. "நல்ல இடமாப் பிடிச்சேய்யா" என்று மேலாளர் முதுகில் தட்டினார். நீ கல்யாணமாகி அங்கே போவாய் என்று கனவா கண்டேன்? கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

மார்ச் 27

அண்ணா,

படத்தின் ஓரத்தில் 'திருத்திய பதிப்பு' என்று போன வருடத் தேதி இருந்தது. நான் இங்கே வந்து ஆறு வருடமாகிறது. திருத்தும்போதும் கட்டத்தை அங்கேயே விட்டிருக்கிறாய். நீ எழுதியதைப் படித்த பிறகு அதை நினைத்துத்தான் அழுதேன்.

போன வாரம் டிராக்டர் ஆற்று மணலில் சிக்கிக்கொண்டது. அதிலேயே பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை. தாய் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம். இப்போது நாங்கள் இருநூற்றுப் பதினெட்டு பேர்.

தங்கை

ஏப்ரல் 20

என் வாயாடிக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிடு. திருத்தும்போது அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. பழைய படத்தில் காலி, அதனால் காலி. நான் வரைந்ததை நானே நம்பிவிட்டேன்.

மேலாளரிடம் பேசினேன். "கட்டத்தை வேற எங்கேய்யா வைப்பே?"

"படத்துக்கு வெளியே, கீழே வைக்கலாம் சார்."

"படம் சின்னதாயிடுமே!"

"ஆகட்டும் சார். என் தங்கச்சி அங்கதான் இருக்கா."

கொஞ்ச நேரம் முறைத்தார். வீடுகளை நேரில் போய்க் குறித்துக்கொண்டு வந்தால், விதியைத் தளர்த்திக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்தப் படம் வந்ததும் உன் அதிகாரியின் சுவரில் நானே மாட்டுகிறேன்.

நீ கூப்பிட்டபோதெல்லாம், "அவ்வளவு தூரம் போய் அங்கே என்ன இருக்கு?" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன் பதில் வந்ததும் கிளம்புகிறேன். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று எழுது. எனக்கு வழி தெரியாது.

அண்ணன்