தளர்ந்த வார்

3-9-1956, திங்கள்
பிச்சாட்டூர்க் கூட்டத்துக்குப் போகிற வழியில் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்து என்னைக் கீழே தள்ளிவிட்டது. தோள் வீங்கியிருக்கிறது. எழுந்து பார்த்தால் குதிரையின் வயிற்றுவார் தொளதொளவென்று தொங்குகிறது. போன மாதம் வாங்கிய மட்டக்குதிரை. சேணம் கட்டியவன் முனிகிருஷ்ணன், தாட்சாயணியின் தம்பி. எங்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறான்.

ஆந்திராவில் இருக்கிற நம் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று நான் ஊர் ஊராகப் போகிறேன். அவன் தெலுங்கில் படித்தவன்; சித்தூரில் வாத்தியார் வேலைக்குக் காத்திருக்கிறான். ஆந்திராவிலேயே இருந்தால்தான் அவனுக்கு நல்லது. அதற்காக — சே, என்ன நினைப்பு இது.

5-9
இன்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கம்பளியை உதறினான். முள் ஏதும் இருக்கிறதா என்று குதிரையின் முதுகைத் தடவினான். சேணத்தை வைத்து வாரை இழுத்துப் பூட்டினான். என் விரல்கூட நுழையவில்லை. உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது! பக்கத்தில் அவனைத் தவிர யாருமில்லை.
"நான் தொடவே இல்ல மாமா. சும்மா நின்னுக்கினு இருந்தேன்."
சிரித்தானா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

6-9
நாராயணவனத்தில், ஊர் ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்கிற எதிர்க்கட்சிக்காரர்களோடு அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தூக்கம் வரவில்லை.

9-9, ஞாயிறு
சொல்லிவிட்டேன். நாலு பேர் எதிரில். "என்னைக் கொல்லப் பாக்கிறியாடா?"
தாட்சாயணிதான் கத்தினாள்: "தோள்ல தூக்கி வளத்தீங்களே, அவனையா இப்படிக் கேக்கிறீங்க?"
இரண்டு பேரும் பாகாலாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

11-9
வீட்டில் யாருமில்லை. நானே சேணம் கட்டினேன். பலம் கொண்டமட்டும் இழுத்துப் பூட்டிவிட்டு, கிணறுவரை குதிரையை நடத்திப் போனேன். வார் தளர்ந்திருந்தது.
யாரும் தொடவில்லை. யாருமே இல்லையே!
அவிழ்த்து மறுபடி கட்டினேன். வார் வயிற்றில் பட்டதும் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்கிறது, இந்தச் சனியன். கொஞ்ச நேரம் நின்றாலோ நாலு அடி நடந்தாலோ மூச்சை விட்டுவிடுகிறது. கொஞ்ச தூரம் நடத்தி, இன்னொரு முறை இழுத்துக் கட்டிவிட்டு ஏறவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவேதான்.
கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, என்னா காரியம் பண்ணிட்டேன்.

16-9, ஞாயிறு
பாகாலா போனேன். முனிகிருஷ்ணன் வாசலில் நின்று முழுவதையும் கேட்டான்.
"குதிரை மூச்சுப் புடிச்சா நீங்க இன்னா பண்ணுவீங்க. ஆனா சந்தேகம் என்மேலதானே மொதல்ல வந்துச்சு."
திரும்பி வரமாட்டேன் என்றான். தாட்சாயணி மட்டும் என்னோடு கிளம்பினாள்.
ஸ்டேஷனுக்கு வந்தான். அக்காவிடம் பையைக் கொடுத்து, "பத்திரமா போ" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, வெளியாரிடம் பேசுகிற மரியாதையோடு, போய் வாருங்கள் என்பதைத் தெலுங்கில் சொன்னான்:
"வெள்ளி ரண்டி."