நகராத தேதி

மார்ச் 4
ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் திட்டத்தை இன்று மென்பொருளில் ஏற்றி முடித்தேன். ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு பட்டை, அதன் நீளம்தான் நாட்கள். ஒன்று தாமதமானால் பின்னால் உள்ளவையும் தானாகத் தள்ளிப்போகும்படி கோத்தாயிற்று. கடைசிப் பட்டை, குழந்தைகள் இடம் மாறுவது: ஏப்ரல் 10. கொஞ்ச நேரம் அழகு பார்த்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

மார்ச் 13
புதுக் கட்டடத்தில் ஆக்ஸிஜன் குழாய் போடும் காண்ட்ராக்டருக்கு நான் வைத்த பெயர் தொண்ணூறு. போன வாரம் கேட்டதற்கு, "தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சிருச்சு மேடம்" என்றார். இன்றும் அதே தொண்ணூறு. நேரில் போய்ப் பார்த்தால் பாதிச் சுவரில் துளைகூடப் போடவில்லை. திட்டத்தில் உள்ளதை உள்ளபடி போட்டேன். கடைசிப் பட்டை மே மாதத்தில் போய் நின்றது.

மார்ச் 14
மேலாளர் பார்த்தார். "இந்தத் தேதி நகரக் கூடாது. திறப்பு விழாவுக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஃபிக்ஸ் பண்ணுங்க."
தேதியை அசையாமல் பிடித்துவைக்க மென்பொருளில் வசதி உண்டு. பிடித்துவைத்தேன். இனி எது தாமதமானாலும் ஏப்ரல் 10தான். மாதச் சம்பளக்காரி வேறென்ன செய்வாள்?

மார்ச் 22
இன்னும் தொண்ணூறு.

மார்ச் 27
தலைமை நர்ஸ் என் திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பழைய வார்டின் ஆக்ஸிஜன் இணைப்பை ஏப்ரல் 10 அன்றே துண்டிக்கச் சொல்லிவிட்டாராம். "நீ போட்ட தேதிம்மா, அதை நம்பித்தான் எல்லாம் பண்றேன்."
தலையாட்டினேன். ஆட்டினேனே, பாவி! மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் பிள்ளைகளைத் தாண்டித்தான் வெளியே வந்தேன்.

மார்ச் 29
சோறு இறங்கவில்லை. "வேலை போனா போகுது விடு" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு வேலை போய்த்தான் போன வருடத்திலிருந்து என் சம்பளத்தில் ஓடுகிறது. அது அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 1
பத்தாம் தேதிக்குள் குழாய் வேலை முடியாது என்று மேலாளரிடம் மறுபடியும் சொன்னேன். "சிலிண்டர் வச்சு ஓட்டிக்கலாம். நீங்க பட்டையப் பாருங்க."
சிலிண்டராம்! எவ்வளவு நேரம் வரும்? யாரு மாத்துவா? ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அதைப் பெத்தவகிட்ட நான் என்ன சொல்வேன் — பட்டை நேரா இருந்துச்சுன்னு சொல்றதா?

ஏப்ரல் 3
கூட்டம். பெரிய திரையில் என் திட்டம். எல்லோரும் பார்க்கும்போதே பிடித்துவைத்த தேதியை விட்டுவிட்டேன். பட்டை மே 19-க்கு ஓடியது.
"அப்ப பத்தாம் தேதி அங்க ஆக்ஸிஜன் வராதா?" என்றார் நர்ஸ்.
"வராது."
மேலாளர் என்னைப் பார்க்காமலே எழுந்து போனார்.

ஏப்ரல் 6
இனி வர வேண்டாம் என்று மெயில். திட்டத்தைத் திறந்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை.' பித்துப் பிடித்தவள் மாதிரி திரும்பத் திரும்பத் திறக்கிறேன். தேதியை மறுபடி பிடித்துவைத்துவிட்டார்களா? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 10
காலையிலிருந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் நர்ஸ் கூப்பிட்டார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "என்னாச்சு?" என்று கத்திவிட்டேன்.
"ஊசி போட்டேன், அதுக்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம். நாங்க பழைய வார்டுலயேதான் இருக்கோம், ஆக்ஸிஜன் இணைப்ப வெட்ட விடல. நீ சாப்பிட்டியாம்மா?"
இனிமேல்தான் என்றேன்.