ஆறாவது போத்தலுக்குப் பிறகு

யோகா புள்ள,

எதுவானாலும் உன்னிடம் முதலில் சொல்லிப் பழகிவிட்டேன். இதையும் நீயே கேள்.

காலை பத்து இருபது. நேரத்தை என் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. கப்பலில் தொலைபேசிப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நான் கீழே ஆய்வுக்கூடத்தில் கையுறையோடு நின்றிருந்தேன். கப்டன் படி இறங்கி வந்து, "சந்திரன், வீட்டிலிருந்து கோல். மேல வா," என்றார் சிங்களத்தில். அஞ்சு நிமிஷம் சேர், கையில வேலை இருக்கு என்றேன். அவர் போகாமல் வாசலிலேயே நின்றார். கப்டன் யாருக்காகவும் அப்படி நிற்பதில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மச்சான், அக்கா போயிருச்சு," என்றான் உன் தம்பி தயாளன்.

"எங்க போயிருச்சு?" என்று கேட்டேன்.

அவன் அழவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். காலையில் பிள்ளை மடுவத்தைத் திறந்தாய். தொட்டில் சீலையை உதறிக் கட்டினாய். தலை வலிக்குது என்று உட்கார்ந்தாய். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட வந்தபோது நீ கண்ணைத் திறக்கவில்லை. வேனில் ஏற்றி, அக்கரப்பத்தனை டவுனைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. தலைக்குள் ஏதோ ரத்தக் குழாய் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். எட்டு முப்பத்தைந்து என்றான். வேனில் இருந்த அத்தை மணி பார்த்திருக்கிறாள்.

"நீங்க வர எத்தன நாளாகும் மச்சான்?"

"நாலு நாள்."

போனுக்குள் மழை சத்தம் கேட்டது. நம் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் விழுகிற மழை.

"வச்சிருக்கவா மச்சான், எடுத்துறவா?"

"எடுத்துருங்க," என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் எந்தக் குரலில் சொன்னேன்? அதுகூட ஞாபகம் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது தேயிலைக்கு மேல்பக்கம் ஈர மண் மேடும், வாடிய செவ்வந்தியும்தான் இருந்தன. முதல் பிடி மண் தயாளன் போட்டானாம். என் இடத்தில் நின்று போட்டதற்கு அவன் இன்னும் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அவன்மேல் எனக்கு என்ன கோபம் யோகா? நான்தானே எடுக்கச் சொன்னேன்.

நீ போய் ஐந்து வாரமாகிறது. மடுவத்துக்குப் புதிதாக ஒரு பொண்ணு வந்திருக்கிறது, நல்ல பொண்ணுதான். பிள்ளைகள் அவளையும் யோகா டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள்; டீச்சர் என்றாலே அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். அவளும் திருத்துவதில்லை. அத்தை உன் கம்பளியைத் துவைக்க விடமாட்டேன் என்கிறாள். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. எல்லாரும் அதைக் கவனிக்கிறார்கள் என்பது தெரிகிறது. "படிச்ச புள்ள, மனசுக்குள்ளயே வச்சிருக்கு," என்று அத்தை எனக்காகச் சமாளிக்கிறாள்.

இன்றைக்கு மத்தியானம், எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான கப்பல் மேடம் போனில் கூப்பிட்டார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், கேட்டுக்கொண்டிரு. காற்றில் கரியமில வாயு கூடக் கூட கடல் அதைக் குடித்துக்கொள்கிறது. குடிக்கிற அளவுக்கு அதன் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது கஷ்டமாகிறது. எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அதே ஆழங்களில் தண்ணீர் எடுத்து அளக்க வேண்டும்.

நான் இதைச் சொன்ன அன்றைக்கே நீ அதை ஒரு வரியாக்கிவிட்டாய். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் உன்னைச் சீண்டினார்கள். "என்னடி யோகா, ஒன் வீட்டுக்காரரு அம்புட்டுப் படிச்சிட்டுக் கடல்ல போயி தண்ணி அள்ளுறாராமே. நம்ம பீலியில தண்ணி இல்லையா?"

"நம்ம பீலித் தண்ணிக்கு நெஞ்செரிச்சல் இல்லக்கா. கடலுக்கு இருக்கு. அதான் பாக்கப் போயிருக்காரு."

நெஞ்செரிச்சல் என்று சொல்வது சரியில்லை, கடல் இன்னும் காரத்தன்மைதான், அமிலத்தின் பக்கம் நகர்கிறது அவ்வளவுதான் என்று நான் திருத்தினேன். "நீங்க சொல்ற மாதிரி சொன்னா மடுவத்துல புள்ளைங்க தொட்டில் ஆட்டாமலே தூங்கிரும்ங்க," என்றாய்.

தண்ணீர் பிடிக்கிற விதத்தையும் நீதான் சரியாகப் புரிந்துகொண்டாய். பன்னிரண்டு பெரிய குழாய்களை வட்டமாகக் கட்டிய சட்டத்தைக் கம்பியில் இறக்குவோம். மேலே இழுக்கும்போது ஆழத்துக்கு ஒன்றாக மூடுவோம். முதல் குழாய் அடி ஆழம், பன்னிரண்டாவது மேல்மட்டம். சட்டம் கப்பலின் மேல்தட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் பிடிக்க வேண்டும். ஒரு காற்றுக் குமிழிகூட நிற்கக் கூடாது. "பால் போத்தல்ல காத்து நிக்காம புடிக்கிற மாதிரியா?" என்று கேட்டாய். அதே மாதிரிதான் யோகா.

பிறகு ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சொட்டுப் பாதரசக் கரைசல் விட வேண்டும். அது நஞ்சு. தண்ணீருக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் அத்தோடு நின்றுவிடும். விடாவிட்டால் அவை போத்தலுக்குள்ளேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அளக்கும்போது கடல் காட்ட வேண்டிய கணக்கு மாறிவிடும். நஞ்சு விட்ட தண்ணீர்தான் பிடித்த நேரத்திலேயே நிற்கும்.

அன்றைக்கு முதல் குழாயை ஏழு ஐம்பதுக்கு மூடினேன். கடைசிக் குழாயை எட்டரைக்கு. எட்டரைக்கு நீ வேனுக்குள் இருந்தாய். உயிரோடு இருந்தாய். இந்தக் கணக்கைக் கப்பல் கரை சேரும்வரை நாலு நாளும் போட்டேன். நீ இந்த உலகத்தில் இருந்த கடைசி முக்கால் மணி நேரத்தில் பிடித்த தண்ணீர் என்னிடம் பன்னிரண்டு போத்தல்களில் இருந்தது. மேல்மட்டத் தண்ணீர் நீ போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பிடிபட்டது. நான் உன் பக்கத்தில் இல்லை. உன்னைப் பார்க்கவில்லை, மண் போடவில்லை. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே காரியம் அந்தத் தண்ணீர்தான்.

மேடம் சிங்களத்தில்தான் பேசுவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"சந்திரன், ஒன்னு கேக்கணும். கேக்கவும் மனசு வரல. அன்னைக்கு எடுத்த தண்ணிய அளந்தாச்சு. நீ பாதியில மேல போனது எனக்குத் தெரியும். பன்னிரண்டு போத்தலுக்கும் மருந்து விட்டியா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நம்பர் எல்லாம் கோட்டுல அழகா உக்காருது. ஷீட்லயும் பன்னிரண்டு டிக் இருக்கு. விட்டேன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும், சேர்த்துர்றேன். நாளைக்கு ரிப்போர்ட் அனுப்பணும்."

"சாயங்காலம் சொல்றேன் மேடம்," என்றேன்.

அந்தப் பன்னிரண்டு டிக்கைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நஞ்சு விடும்போது கையுறை போட்டிருப்போம். அந்தக் கையால் பென்சிலைத் தொடக் கூடாது. ஒவ்வொரு போத்தலுக்கும் கழற்றி மாட்டினால் அரை நாள் போய்விடும். அதனால் நான் முதலிலேயே பன்னிரண்டுக்கும் டிக் போட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டுவேன். எப்படியும் விடத்தானே போகிறோம் என்ற துணிச்சல். இரண்டு வருடமாக அப்படித்தான் செய்தேன். ஒரு தடவையும் தப்பியதில்லை.

ஐந்தாவது போத்தல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொட்டு விழுந்து, வெள்ளி நூல் மாதிரி இறங்கியது. ஆறாவதுக்குக் கை நீட்டும்போது கப்டன் வாசலில் நின்றார். அதற்குப் பிறகு ஞாபகம் வருவது, மூடிகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டு நான் நிற்பது. பன்னிரண்டையும் நானே மூடி, ரப்பர் பட்டி போட்டு, பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். நடுவில் ஏழு சொட்டு விட்டேனா? விட்டிருக்கலாம். கை பழகிய வேலை, தானாகவே விட்டிருக்கலாம். போத்தல்களைக் கழுவியும் விட்டார்கள். இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஒரு வார்த்தைதான். விட்டேன் என்று சொன்னால் அந்தத் தண்ணீர் நிற்கும். என்றைக்கோ யாரோ ஒருவர் கடல் எப்படி மாறியது என்று பார்க்கும்போது, அந்த நாளும் அந்த நேரமும் அதில் ஒரு புள்ளியாக இருக்கும். அவருக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும் என்றிருந்தது.

இதை நினைத்துக்கொண்டே மேல் ரோட்டுப் பக்கம் நடந்தேன். மடுவத்தில் நிறுவைத் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பிள்ளைகளை நிறுக்கிற நாள். உடனே உன் கோபம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு லீவில் உன் எடை அட்டைகளை எழுதித் தர உட்கார்ந்தேனே. கீழ் டிவிஷன் கவிதாவின் சின்ன மகள் அந்த மாதம் வரவில்லை. அட்டையில் ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. முந்தின மாதங்களின் கோடு எப்படி ஏறுகிறது என்று பார்த்து, அதே சாய்வில் ஒரு புள்ளி வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. உன்னிடம் பெருமையாகக் காட்டினேன்.

"புள்ளைய நிறுத்தீங்களா?"

"இல்ல, கணக்குப் பாத்தா இவ்வளவுதான் வரும்."

"பாக்காத எடைய எப்புடிங்க எழுதுனீங்க?"

"யோகா, இது ஒரு சாதாரண..."

"கடல்லயும் இப்புடித்தான் எழுதுறீங்களா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அழிப்பானால் அந்தப் புள்ளியைத் தேய்த்தாய். மறுநாள் மழையில், தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழ் டிவிஷனுக்கு இறங்கினாய். நானும் பின்னால் வந்தேன். பிள்ளையைத் தூக்கித் தராசில் உட்கார வைத்தாய். முள் என் புள்ளியை மட்டுமில்லை, முந்தின மாதத்தையும் தொடவில்லை. கோடு கீழே இறங்கிவிட்டது. கவிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கே அந்தப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போனாய். வருகிற வழி முழுக்க நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை நீட்டும்போது மட்டும், "ஒங்க கோடு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாய்.

அந்தப் பிள்ளை இப்போது தத்தித் தத்தி ஓடுகிறது. இன்றைக்கும் தராசில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தது.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று நீ கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் தெரிந்துகொள். ஐந்து போத்தல் நிற்கும், அவை ஆழத்துத் தண்ணீர். போகிற ஏழும் மேலே, உன் கடைசி நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. உன்னை இன்னொரு தடவை எடுத்துருங்க என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. அதையும் என் வாயாலேயே சொல்ல வேண்டும்.

சொன்னேன். ஐந்து மணிக்குக் குசினி ஜன்னலடியில் நின்று மேடத்தைக் கூப்பிட்டேன். "அஞ்சு வரைக்கும் விட்டது தெரியும் மேடம். ஆறுலேர்ந்து தெரியாது. டிக் எல்லாம் முன்னாலயே போட்டது. ஏழையும் எடுத்துருங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

"அவசரப்படாத சந்திரன். நாளைக்குக் காலையிலதான் அனுப்புவேன். நல்லா யோசிச்சுப் பாரு. ஞாபகம் வந்தா எத்தன மணியானாலும் எடு, சேர்த்துக்கலாம்," என்றார்.

அவர் நல்லவர். எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் என் பயமே அதுதான் யோகா. யோசித்தால் ஞாபகம் வரும். இதை எழுதும்போதே வர ஆரம்பித்துவிட்டது. ஆறாவது போத்தலின் வாய் தெரிகிறது, சொட்டு நுனியில் தொங்குவது தெரிகிறது. இது நடந்ததா, எனக்கு வேண்டும் என்பதால் வருகிறதா? இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் ஏழு சொட்டும் விழுந்துவிடும். நான் சத்தியம் பண்ணக்கூட ஆயத்தமாகிவிடுவேன்.

அடுத்த பயணத்துக்குப் போவேன். அதே இடத்துக்கு, அதே ஆழங்களுக்கு. ஒவ்வொரு சொட்டும் விழுந்ததைக் கண்ணால் பார்த்து, கையுறையைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் டிக் போடுவேன். அரை நாள் போனால் போகட்டும். இது உனக்குத் தருகிற வாக்கு.

நாளைக்குக் காலை வரைக்கும் மேடம் எனக்காகக் காத்திருப்பார். நான் கூப்பிடக் கூடாது. போனை அணைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
சந்திரன்