பூசை இல்லாத திருவிழா

அன்புள்ள மச்சாள்,

காட்டு மாதா கோயில் முற்றத்தில் இந்த முறை பெயின்ற் மணம் மூக்கைத் துளைத்தது. வாசலில் புதிதாக ஒரு பலகை நட்டு, 'ஆலய வரலாறு' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள். கொடியேற்றத்துக்கு முன் முற்றம் கூட்டப் போன பெண்களோடு நானும் போயிருந்தேன். விளக்குமாற்றைப் பிடித்தபடியே வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 'யுத்த காலத்தில் வீதி மூடப்பட்டிருந்த ஆண்டில் இங்கு திருவிழா நடைபெறவில்லை.'

நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆரையம்பதியில் பிறந்து, உங்கள் தம்பியைக் கலியாணம் முடித்து, திருநீற்று நெற்றியோடு உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். ஞானஸ்நானம் எப்போது என்று உங்கள் சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கலியாணமான அந்த வருடத் திருவிழாவுக்கு நடந்து போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். வாவிப் பாலம் தாண்டி, அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல் வட்டைகளின் ஓரமாக நடக்கும்போதுதான் அந்தக் கோயிலின் கதையைச் சொன்னீர்கள்.

வாந்திபேதி பரவிய பழைய காலம். கரையோர ஊரொன்றில் நோய் கண்ட ஒரு பெண்ணை அவளுடைய ஆட்களே வண்டியில் ஏற்றிவந்து இந்தக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்களாம். அவள் கையில் இருந்தது ஒரு சின்ன மாதா சுரூபம் மட்டும். அதை ஒரு மருத மரத்தடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். தேன் எடுக்க வந்தவர்கள் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அந்தப் புதுமையை, மாதாவின் அற்புதத்தைக் கேள்விப்பட்டு, அவளை விட்டுப்போன ஆட்களே சுரூபத்தை ஊருக்குக் கொண்டுபோக வந்தார்கள். தூக்க முடியவில்லை. பாறாங்கல் மாதிரிப் பாரமாகிவிட்டது. அந்த இடத்தில்தான் கோயில் எழுந்தது.

எல்லாரும் சொல்லும் கதை இதுதான். நீங்கள் மட்டும் அதோடு நிறுத்தவில்லை.

"சுரூபம் பாரமாகல்ல மச்சாள். அவள் விடாமப் பிடிச்சிரிப்பாள்கா. பொம்பிளயோட இழுபட்டுத் தோத்தம் எண்டு சொல்ல வெக்கப்பட்டு, ஆம்பிளையள் ஊரில வந்து கதைய மாத்திட்டாங்க."

"அப்ப புதுமை எண்டது பொய்யா?"

"ஏன் பொய்? தன்னத் தூக்கி எறிஞ்ச சனத்துக்கு முன்னால அவள் நிண்டாளே. அது புதுமை இல்லயா?"

பிறகு யுத்தத்தில் ஆமிக்காரர் வீதியை மூடினார்கள். கோயிலைச் சுற்றியிருந்த சனம் இடம்பெயர்ந்து போனது. இந்த வருடம் திருவிழா இல்லை என்று டவுன் கோயிலில் அறிவித்தார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் தேடினீர்கள். மகள் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த நாளில், உயிர் உள்ளவரை திருவிழாவுக்கு நடப்பேன் என்று நேர்ந்துகொண்டவர் நீங்கள்.

"அக்கா, விசரா உங்களுக்கு? சுட்டுப் போடுவாங்க," என்றார் உங்கள் தம்பி.

"நேர்த்தி வெச்சது மாதாவுக்கு. சென்றிக்காரனுக்கு இல்ல."

ஆண்கள் வந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று பெண்கள் மட்டும் புறப்பட்டோம். சென்றிக் காவலரணில் மறித்தார்கள். அதிகாரி சிங்களத்தில் கத்தினான். ஒரு சிப்பாய் அதை அரைகுறைத் தமிழில் சொன்னான்.

"அங்க மனுசர் இல்ல. மாடு மட்டும்தான். திரும்பிப் போங்க."

"மாடு போகலாம், நாங்க போக ஏலாதா?" என்று கேட்டீர்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் நடு வீதியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தீர்கள். நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏறத் தார் சுட்டது. அதிகாரி கத்தும்போதெல்லாம் உங்கள் குரலும் உயர்ந்தது. எனக்குச் செபம் தெரியாது. பயத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய வாகனங்கள் போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் நிற்கத் தொடங்கிய பிறகு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித் தடையைத் தூக்கினார்கள்.

கோயில் ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. பீடத்தடி வரைக்கும் சாணி. மாதாவின் ஒரு கை உடைந்திருந்தது; ஆனால் மாதா பீடத்துக்கு மேலே தன் கூட்டிலேயே நின்றார். நீங்கள் அழவில்லை. இலைக் கொத்தை ஒடித்து என் கையில் தந்து, "கூட்டுங்க," என்றீர்கள். கூட்டினோம், அள்ளினோம், மெழுகுதிரி கொளுத்தினோம். பிரசங்கத்துக்குச் சாமியார் இல்லை என்று, காட்டில் விடப்பட்ட அந்தப் பெண்ணின் கதையை நீங்களே பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னீர்கள். உங்கள் கதையை, ஆண்கள் மாற்றாத கதையை. முடிந்ததும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"மச்சாள், ஒரு தேவாரம் பாடுங்க."

"இங்கயா? கோவிப்பாங்க."

"மாதாவுக்குத் தமிழ் விளங்கும். பாடுங்க."

பாடினேன். அதைத்தான் அந்தப் பலகை நடைபெறவில்லை என்கிறது.

நான் பலகையை வாசித்தபோது கோயில் சபைத் தலைவர் முற்றத்திலேயே நின்றார். அவரிடம் போய், அந்த வருடம் திருவிழா நடந்தது என்றேன்.

"சாமியார் இல்லாம பூசை நடக்கல்லயே அக்கா. பூசை இல்லாம என்ன திருவிழா? அதோட, யாரோ தேவாரமும் பாடினதாமே. அதெல்லாம் வரலாறு எண்டு எழுதேலுமா?"

"பாடினது நான்தான்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். "நீங்க எங்கட வேதக்காரரும் இல்லயே."

"இல்லத்தான். ஆனா அண்டைக்கு உங்கட கோயில்ல சாணி அள்ளினவள். நீங்க எங்க நிண்டீங்க, தம்பி?"

பெயின்ற் அடித்தவர் மரத்தடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளை டின் திறந்திருந்தது. தூரிகையைத் தோய்த்துக்கொண்டு போய் அந்த வரியை மேலிருந்து கீழாக மறைத்தேன். தலைவர் போட்ட சத்தத்தில் சாமியார் வெளியே ஓடி வந்தார். வயதில் சின்னவர், போன வருடம்தான் இங்கே வந்தவர். வெள்ளை வடிய வடிய நின்ற நிலையில் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தேவாரத்தையும் ஒளிக்கவில்லை.

சாமியார் வெள்ளை பூசிய இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "பூசை நடக்கல்லத்தான். நான் அத மாத்திச் சொல்ல ஏலாது," என்றார். பிறகு, "ஆனா திருவிழா நடந்ததோ இல்லயோ எண்டு அங்க இல்லாத நாங்க தீர்மானிக்கவும் ஏலாது. திருநாள் அண்டைக்கு மைக்கில நீங்களே சொல்லுங்கம்மா."

சொன்னேன், மச்சாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னேன். கதையில் நீங்கள் சுடு தாரில் உட்கார்ந்த இடத்துக்கு வந்ததும் குரல் தானாக உயர்ந்தது. தலைவர் பாதியில் எழுந்து வெளியே போனார், போகட்டும். சொல்லி முடித்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து பழுகாமத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "நானும் அண்டைக்கு அங்க இருந்தனான்," என்றாள். தூண் ஓரத்தில் இன்னொருத்தி எழுந்தாள். பின்னால், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எழுந்தாள். எனக்கு முகங்கள் மறந்துபோயிருந்தன. அவர்கள் ஒன்றையும் மறக்கவில்லை.

என் முழங்கால் இப்போது சரியில்லை. அடுத்த வருடம் வான் வண்டியில் போகலாம் மாமி என்று உங்கள் மகள் கெஞ்சுகிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்கள் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. உங்கள் கோபம் வாய்த்திருக்கிறது. நீங்கள் போன பிறகு வருகிற வருடங்களை உங்களுக்காக நான் நடப்பேன். திருநீறு பூசிக்கொண்டுதான் நடப்பேன். மறிக்கிறவர்கள் மறித்துப் பார்க்கட்டும்.

உங்கள் மச்சாள்