உன் பக்கத்துக் கண்ணாடி

ஏசியைப் போட்டதும் முதலில் வருவது குளிர் இல்லை, ஒரு வாசனை. நனைந்த சாக்கைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. பழுது பார்த்த புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார் மெக்கானிக் பாய். ஆமாம்டா, நம் லாரியில் ஏசி ஓடுகிறது. நீ இருந்தால் முதலில் சிரிப்பாய், அப்புறம் என்னைத் திட்டுவாய்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பழைய வண்டியை வாங்கியபோதே ஏசி செத்துத்தான் கிடந்தது. ஒவ்வொரு கோடையிலும் நான் சரி செய்யலாம் என்பேன். "கண்ணாடிய மூடிட்டா ஊரு எப்படிடா தெரியும்?" என்பாய். உனக்கு ஊர் என்றால் ஊரில் உள்ள அத்தனை வாயும். பொம்மசந்திராவில் லோடு ஏற்றி வைட்ஃபீல்டு போய்ச் சேருவதற்குள் இடது ஜன்னல் வழியாகப் போலீஸ்காரரிடம் கன்னடத்திலும், பஞ்சர் கடைக்காரரிடம் உருதிலும், மற்ற டிரைவர்களிடம் தமிழிலும் வம்பளந்து முடித்திருப்பாய். அதற்காகவே ஊருக்குள் ஸ்டியரிங்கை என்னிடம் தள்ளிவிடுவாய். ஓட்டுவது நான், பேச்சு உன் இலாகா. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மாசியில் ஒருநாள் காலை லோடு வந்திருக்கிறது என்று உனக்கு போன் போட்டேன். உன் மகள் எடுத்தாள். அவள் அழுததிலேயே புரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாய்.

காரியம் முடிந்து மறுபடி வண்டியை எடுத்த அன்று, கோடவுன் செக்யூரிட்டி உன் சீட்டை எட்டிப் பார்த்தார். டீக்கடைக்காரர் பார்த்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற தண்ணீர் லாரி டிரைவரும் பார்த்தார். "அண்ணன் எங்க?" ஒவ்வொருவருக்கும் நீ செத்ததைச் சொன்னேன். எப்படி, எப்போது என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சாயங்காலத்துக்குள் எனக்கு வெறுத்துப்போய்விட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் கேபினுக்குள் வெந்துபோவேன். அதனால்தான் ஏசி. வீட்டில் வெயிலுக்காக என்று சொன்னேன்.

பிரேசர் டவுனிலிருந்து வந்த பாய் முன்பக்கத்தைக் கழற்றியதுமே தலையில் அடித்துக்கொண்டார். கண்டென்சர் வலை முழுக்க ஓசூர் ரோட்டுத் தூசி. "இதுல காத்து எப்படிண்ணா போவும்? கேஸும் ஏக்தம் காலி." தண்ணீர் அடித்துக் கழுவினார். பைப்பில் காற்றை ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வந்த இடத்தைக் காட்டினார். வாஷர் மாற்றி, பெல்ட் மாற்றி, கேஸ் நிரப்பினார். ஏசி ஓடியது, ஆனால் கேபின் குளிரவில்லை. பார்த்தால், உன் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து இறக்கியே வைத்திருந்தாயே, ஏறுவதையே அது மறந்துவிட்டது. பாய் கதவைப் பிரித்து எண்ணெய் விட்டு, கையால் பிடித்து மேலே இழுத்தார். கண்ணாடி மூடியதும் தெருச் சத்தம் நின்றது. நான் வேண்டுமென்று நினைத்ததும் அதைத்தான். ஆனால் அந்த அமைதியில் உன் சீட்டு எவ்வளவு காலியாக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

சில நாள் அப்படியே ஓட்டினேன். ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒருவரிடமும் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், சிக்னலில் கொய்யா விற்கும் அம்மா உன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். விடாமல் தட்டினாள். உன் சீட்டின் மேல் சாய்ந்து, கைப்பிடியைச் சுற்றி இறக்கினேன்.

"இன்னா, கண்ணாடியெல்லாம் ஏத்திக்கினு! அவரு எங்கண்ணா?"

"ஊருக்குப் போயிருக்காரு" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவரு பங்கையும் நீங்களே தின்னுங்க" என்று வெட்டி உப்பு மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவை நீட்டினாள். பச்சை விளக்கு விழுந்துவிட்டது. அதை உன் சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மூடிய கேபினுக்குள் அந்தக் கொய்யா வாசனையோடு வைட்ஃபீல்டு வரை போனேன். தின்ன முடியவில்லை. நீ ஊரிலிருந்து வரப்போவதாக ஒருத்தி நம்பிக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தியைக் கூடையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "உங்க பேரு இன்னாண்ணா? அவரு பேரு தெரியும். நீங்க பேசவே மாட்டீங்களே" என்றாள்.

இத்தனை வருஷம் அதே சிக்னலில் நின்றிருக்கிறேன், அவளுக்கு நான் உன்னோடு வரும் ஆள். டீக்கடையிலும் அப்படித்தான், கோடவுனிலும் அப்படித்தான். பெயரைச் சொன்னேன். பழக்கமில்லாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உன்னை விசாரிக்கிறவர்கள் இன்னும் தீரவில்லைடா. முதலில் உன் பெயரைச் சொல்கிறேன், பிறகு நீ இல்லை என்பதை. அப்புறம், அவர்கள் கேட்காவிட்டாலும், என் பெயரை.