சண்டை போட்ட வண்டி

புது வண்டிக்குள் அடிக்கிற நெடி உங்களுக்கு ஆகவே ஆகாது. சீட்டு உறை, ரப்பர், பசை எல்லாம் கலந்து மூக்கில் ஏறுகிற நெடி. "புது பிளாஸ்டிக் நாற்காலி பூராவையும் ஒரே ரூமுல பூட்டிப் போட்ட மாதிரி" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிடுவீர்கள். இன்று காலை, மகன் குடியிருக்கிற கழக்கூட்டத்தில், ஹைவே ஓரத்து ஷோரூம் ஒன்றில், அவன் கதவைத் திறந்துவிட நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் அதே நெடி. கை தன்னால் கண்ணாடி இறக்கும் பொத்தானைத் தேடியது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் பழக்கமெல்லாம் என்னிடம் வந்து குடியேறிவிட்டது.

மகனும் மருமகளும் வண்டி வாங்கப் போகிறார்கள். ஓட்டப்போவது அவள்தான். இவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், அவளுக்குத்தான் தினமும் ஆபீஸ். ஆனால் ஷோரூமில் வாய் ஓயாமல் விவரம் கேட்பது இவன். மைலேஜ் என்ன, ஏர்பேக் எத்தனை, திரை எவ்வளவு பெரிசு. மருமகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கேள்வித்தாள் கையில் வந்த பிள்ளை மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். எனக்கு நாம் இரண்டு பேரும் வண்டி தேடி அலைந்த நாட்கள் ஓர்மைக்கு வந்துவிட்டன.

அதற்கு முன்பும் நமக்கு வண்டி உண்டு. ஓட்டுவது நீங்கள், உட்கார்வது நான். லைசென்ஸ் எனக்கும் இருந்தது. கல்யாணமான புதிதில் நம் ஊர் மார்த்தாண்டத்தில் எடுத்தது. பேங்கில் அடையாளம் காட்டத்தான் அதை வெளியே எடுப்பேன். "இவ பீரோவுக்குள்ள வண்டி ஓட்டுகவளாக்கும்" என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் என் மானத்தை வாங்குவீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு என்ன குறை, ராணி மாதிரி இடதுபக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது பழவங்காடி முக்கில் இடதுபக்கம் ஒட்டி வந்த ஆட்டோவை நீங்கள் பார்க்கவில்லை. கண்ணாடி மட்டும் தெறித்துப் போனது, யாருக்கும் அடியில்லை. ஆட்டோக்காரர் இறங்கி வந்து மலையாளத்தில் திட்டு திட்டென்று திட்டினார். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நீங்கள், அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டிச் சாவியை உருவி என் மடியில் வைத்தீர்கள்.

"அவன் இடதுபக்கம் வந்தானா?"

"நல்லா பக்கத்துல வந்தானே. நான் பாத்தேனே."

"எனக்கு தெரியல்ல பிள்ளே."

கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்ப வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். காப்பியில் சீனியைக் குறைக்கச் சொன்ன மாதிரி நீங்கள் தலையாட்டினீர்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது கால் வைக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தீர்கள்.

ஆட்டோ இல்லையா, போனில் கூப்பிட்டால் வருகிற வண்டி இல்லையா என்று என் தம்பி கேட்டான். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் யார்? ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட யாரிடமும் கேட்டு வாங்காத ஆள். மழை விட்டதும் "வா, கடலு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள். இன்னொருவரைக் கூப்பிட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்று வந்தால் நீங்கள் கூப்பிடவே மாட்டீர்கள். நான் ஓட்டவில்லையென்றால் வீடே உங்களுக்குச் சிறை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். வெட்கத்தைவிட்டு இந்த வயசில் மறுபடியும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

பழைய வண்டி கப்பல் மாதிரி நீளம், கியர் வேறு இறுகிப்போனது. அதை விற்றோம். அடுத்து எந்த வண்டி என்ற கேள்வி வந்ததும் ஆளாளுக்கு வந்துவிட்டார்கள். நல்ல கனமாகப் பெரிய வண்டியாக எடுங்கள், இடித்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது என்றான் தம்பி. இடிப்பேன் என்று அவனே முடிவு செய்துவிட்டான், சவம்! சர்ச்சில் ஒருவர் டீசல் என்றார். மகன் போனில் இரண்டு மணி நேரம் ஏதேதோ ஒப்பிட்டு அனுப்பினான். நீங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டீர்கள். ராத்திரி சாப்பிடும்போது சொன்னீர்கள். "அவங்க எல்லாரும் அவங்களுக்க வண்டியைச் சொல்லுகாங்க. உனக்க வண்டி எதுன்னு நம்ம பாப்போம்."

பணத்தைப் பற்றியும் ஒரே பேச்சுதான். கையில் இருப்பதில் கண்ணுக்கென்று எடுத்து வைத்ததைத் தொடுவதில்லை, கடன் வாங்கித் தவணை கட்டுவதும் இல்லை. "வண்டியை வாங்கி நிறுத்திட்டு, அதைப் பாத்து பயந்துகிட்டு இருக்கக் கூடாது." பிறகு கியர் மாற்ற வேண்டாத வண்டி. இந்த ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும், கிளச்சை மிதித்தே என் முட்டி போய்விடும் என்றீர்கள். வலியசாலைப் பக்கம் நம் சந்துக்குள் திரும்பும் அளவுக்குத்தான் நீளம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் உங்கள் கணக்கு. நிறம், திரை, பாட்டுப் பெட்டி எதையும் நீங்கள் கேட்கவே இல்லை.

ஷோரூம்காரர்கள் எல்லோரும் பைபாஸுக்குத்தான் கூட்டிப்போகப் பார்த்தார்கள். "பைபாஸ்ல எந்த வண்டிக்கும் நல்ல பேருதான் தம்பி" என்று நீங்கள் அவர்களை நம் சந்துக்கு வரச் சொன்னீர்கள். அங்கிருந்து சாலைக் கடைத்தெரு, பழவங்காடி, சுற்றி மறுபடியும் வீடு. நான் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார, விற்க வந்த பையன் பின்னால் இருப்பான்.

முதல் வண்டி உயரமானது. அத்தனை உயரத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. வேர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. "எப்படி இருக்கு பிள்ளே?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கு" என்றேன். திரும்பி வந்து இறங்கியதும் "இது வேண்டாம்" என்றீர்கள். இரண்டாவது வண்டி எல்லோரும் சிபாரிசு செய்தது, விலையும் நமக்குக் கட்டுப்படியானது. அதிலும் ஒரு சுற்று. "எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு." இறங்கியதும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டுச்சேலை எடுக்கப் போனால் கடைக்குள் போன வேகத்தில் வெளியே வருகிற மனுஷன், வண்டி விஷயத்தில் இப்படி நொட்டை சொல்கிறாரே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் மூன்றாவது வண்டியில் ஏறினேன். சின்ன வண்டி. துருப்பிடித்த தகரத்தின் நிறம். பார்த்ததுமே பிடிக்கவில்லை. நம் சந்திலிருந்து கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் நீங்கள் ஆரம்பித்தீர்கள். "பைய போ. இடதுபக்கம் பாரு. பிள்ளே, இடதுபக்கம்." ஒரு தடவை பொறுத்தேன். இரண்டாவது தடவையும் பொறுத்தேன். பழவங்காடி முக்கில், அதே இடத்தில், மறுபடியும் "இடதுபக்கம்" என்றீர்களே!

"இஞ்ச பாருங்க, இடதுபக்கம் ஒருத்தரும் இல்ல. வாயை வச்சுகிட்டு சும்மா இரிங்க. மீன்கறி வச்சா தலைக்கு மேல நின்னு உப்பு போடச் சொல்லுகது, கதவைப் பூட்டினா ஒருக்கா இழுத்துப் பாக்கச் சொல்லுகது. கல்யாண போட்டோவுல நேரா நில்லுன்னு கையைப் பிடிச்சு இழுத்தீங்களே, அன்னைக்குத் தொடங்கினது. எனக்கு கண்ணு இருக்கு. நான்தான ஓட்டுகேன்?"

விட்டேனா? முப்பது வருஷத்துக் குறையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டம். கிழக்கேகோட்டை ஸ்டாண்டிலிருந்து பஸ் ஒன்று ஆனை மாதிரி வெளியே வந்தது. அதற்கு வழிவிட்டேன், சந்து கிடைத்ததும் நுழைந்தேன், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். எதுவும் எனக்கு உறைக்கவில்லை. என் கவனமெல்லாம் உங்கள் அம்மா எனக்குத் தராமல் போன வெண்கல உருளியில் இருந்தது.

வீட்டு முன்னால் நிறுத்தியதும் அவன் மெல்லச் சொன்னான். "சாரே, மேடத்துக்கு வண்டி இஷ்டப்படல்ல போல."

"இஷ்டப்பட்டாச்சு. நீ கேக்கல்லியா?" என்று சிரித்தீர்கள். "இது மதி தம்பி. இதுவே போதும்."

சண்டையை நிறுத்துவதற்காகத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்தேன். அந்தத் தகர நிறத்தை மாற்றவும் வழியில்லை, அது ஒன்றுதான் கைவசம் இருந்தது. போதகர் வந்து ஜெபித்தார். நான் ஓட்ட, நீங்கள் இடதுபக்கம் ஏறினீர்கள்.

காரணம் எனக்குத் தெரிந்தது மழைக்காலத்தில். சங்குமுகத்தில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். அந்த நல்ல இரண்டு வண்டியை விட்டுவிட்டு ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ பயந்தா உனக்கு சத்தம் வராது. நம்ம மோனுக்கு சின்ன வயசுல ஜன்னி வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேருகது வரைக்கும் ஒரு வார்த்தை பேசினியா? அந்த ரெண்டு வண்டியிலயும் நீ அப்படித்தான் இருந்த. 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொன்ன. இதுல ஏறினதும் என்னைப் பிடிச்சு கிழிச்சியே, அப்பமே தெரிஞ்சு போச்சு. சண்டை போட்டுகிட்டே பழவங்காடியைத் தாண்டினவ எங்கயும் போயிருவா."

"மூஞ்சைப் பாத்தா தெரியாதா, பயமா இல்லியான்னு? இதுக்கு ரெண்டு நாளு என்னைக் கோபப்பட வச்சீங்களே."

கடலை உரித்துக்கொண்டிருந்த உங்கள் கை நின்றது. "நேரா பாத்துகிட்டு இருந்தா, பக்கத்துல நீ இருக்கதே எனக்கு தெரியாது பிள்ளே. திரும்பிப் பாத்தா உனக்கு வெப்ராளமும் பயமும் கூடும். அதான் திரும்பல்ல. உனக்க சத்தத்தைத்தான் கேட்டுகிட்டு இருந்தேன்."

பார்வை அவ்வளவு தூரம் போய்விட்டது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். நீங்கள் என் முதுகில் தட்டி, கடலை தீர்ந்துவிட்டது, இன்னொரு பொட்டலம் வாங்கு என்றீர்கள்.

அதன்பிறகு வண்டியில் நான் வாயை மூடியதே இல்லை. முன்னால் போகிற பைக்கில் எத்தனை பேர், எந்தக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை, யார் வீட்டில் பந்தல் போடுகிறார்கள், எல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். கண் டாக்டர், சர்ச், கடல், மார்த்தாண்டம் வரைக்கும்கூட. கடைசிவரை நீங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், ஒளித்துவைக்க என்ன இருக்கிறது. தூக்கத்திலேயே போனீர்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு நான் மட்டும் ஓட்டிப் போனேன். வழி முழுக்க வாயில் ஒரு சொல் வரவில்லை.

இன்றைக்கு முதலில் பார்த்த வண்டியில் மருமகள் ஒரு சுற்று ஓட்டினாள். "எப்படி இருக்கு மக்ளே?" என்றேன். "நல்லா இருக்கு மாமி" என்றாள். "இது வேண்டாம்" என்றேன். மகனுக்குக் கோபம். வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா, நீங்களும் அப்பா மாதிரியே ஆகிவிட்டீர்கள் என்றான். அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாடு முடித்து இன்னொரு ஷோரூம். இதுவும் சின்ன வண்டிதான், அவர்கள் போட்ட கணக்குக்குள் அடங்குகிற விலை. பைபாஸ் வேண்டாம், அவர்கள் குடியிருக்கிற பக்கமே விடு என்று அவளிடம் சொன்னேன். அந்த ஏற்றமும் வளைவும் உங்களுக்குத் தெரியும். எதிரே டிப்பர் லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, என் வாய் தானாகத் திறந்தது. "பைய மக்ளே. இடதுபக்கம் பாரு. இடதுபக்கம்."

"மாமி, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? எனக்குத் தெரியாதா? நான்தான ஓட்டுதேன்!"

மகன் வெலவெலத்துப் போய்த் திரும்பி என்னைப் பார்த்தான். அவள் அதற்குள் லாரியைத் தாண்டி, வளைவில் ஒடித்து, ஏற்றத்தில் ஏறிவிட்டிருந்தாள்.

"இது மதி" என்றேன். "இதையே எடுங்க."

"ஐயோ மாமி, மனசுல வச்சுக்காதீங்க, ஏதோ ஒரு பதற்றத்துல..."

"மனசுல என்ன இருக்கு. நீ நல்லா பேசு" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச முடியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், ஹாஸ்டல்களும் ஆபீஸ்களும் போய்க்கொண்டே இருந்தன. முன்சீட்டில் மகன் விலைப் பேச்சை எடுத்துவிட்டான். அவளோ கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"மாமி, பின்னாடி சத்தத்தையே காணோமே. பயமா இருக்கா?"

"இல்ல மக்ளே. நீ ஓட்டு" என்றேன். அவள் நம்பவில்லை. ராத்திரிக்கு என்ன சமைக்கலாம், மார்த்தாண்டத்தில் மழையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஷோரூம் வாசல் வரைக்கும் என்னைப் பேசவைத்துக்கொண்டே ஓட்டினாள்.